மூன்று பேர் மூச்சு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, கூடவே ஒரு காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். இங்கிலீஷ் பாட்டு கேட்கிற பையன்கள் அப்போது ஊருக்கு நாலைந்து பேர்தான். அதில் நானும் ஒருவன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு கெத்து. அப்படிக் கொடுத்த பட்டியலில் சிகாகோ என்ற அமெரிக்கக் குழுவின் 'ஹார்டு டு ஸே ஐ ஆம் ஸாரி' இருந்தது. மெல்லிய ஆண் குரல் ஒன்று காதலியிடம் மன்னிப்புக் கேட்டு உருகும் பாட்டு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு அடங்குகிற நேரத்தில் கதவை யாரோ உதைத்துத் திறந்த மாதிரி டிரம்பெட்டும் டிரோம்போனும் சாக்ஸபோனும் உள்ளே பாய்ந்தன. வேகம் வேறு, சங்கதி வேறு. ஒன்றேகால் நிமிஷம் போல ஒரே ஆட்டம். பிறகு கப்சிப்.

கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, இதுல முன்னாடி இருந்த பாட்டச் சரியா அழிக்கல போலிருக்கு."

போட்டுக் கேட்டார். "இல்ல தம்பி, ரெக்கார்டுலயே அப்படித்தான் இருக்கு. அது இந்தப் பாட்டோட வாலு."

வானொலிக்குப் போன சிங்கிள் இசைத்தட்டில் அந்த வாலை நறுக்கிவிட்டார்கள் என்பதும், அந்த வால் ஒரு காலத்தில் இந்தக் குழுவின் தலையாக இருந்தது என்பதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்தக் குழுவை நான் பின்னாலிருந்து முன்னால் கேட்டேன். இன்றும் சிகாகோவின் கதையை யாராவது கேட்டால், எந்த வருஷம் எந்தப் பாட்டு என்று சொல்வதைவிட, அந்த மூன்று ஊதல்காரர்கள் எந்த வருஷம் எங்கே நின்றார்கள் என்று சொல்வதுதான் எனக்குச் சுலபம்.

1967இல் அவர்கள் நடுவில் நின்றார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 15 அன்று சிகாகோ நகரில் வால்டர் பராஸெய்டரின் வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். பராஸெய்டர் டிபால் பல்கலைக்கழகத்தில் கிளாரினெட் படித்தவர். சிம்பொனி வாத்தியக் குழுவில் உட்கார வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு ராக் பக்கம் வந்துவிட்டார். டிரம்பெட்டுக்கு லீ லாக்னேன், டிரோம்போனுக்கு ஜேம்ஸ் பாங்கோ. இருவரும் அதே டிபால் வட்டம்தான். கிட்டார் டெர்ரி காத், டிரம்ஸ் டேனி செராஃபின், கீபோர்டும் பாட்டும் ராபர்ட் லாம். பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்லாததால் லாம் ஆர்கனின் கால் பெடல்களை மிதித்தே அந்த வேலையையும் பார்த்தார். வருஷக் கடைசியில் பீட்டர் செட்டெரா பேஸ் கிட்டாரோடு வந்து சேர, ஏழு பேர் ஆனார்கள்.

ஏழில் மூன்று பேர் ஊதுகிறவர்கள் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். டிரம்பெட், சாக்ஸ் எல்லாம் அமெரிக்கப் பாட்டுக்குப் புதிதில்லை. ஜேம்ஸ் பிரவுனுக்கும் ஓடிஸ் ரெடிங்குக்கும் பின்னால் முழங்கியவைதான். ஆனால் அங்கே ஊதுகிறவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர். பாடகர் மாறினாலும் அவர் மாறமாட்டார், அவர் மாறினாலும் ஒருவருக்கும் தெரியாது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டுப் போட்டு டிரம்பெட் ஊதுகிற பேண்டு செட்காரரின் பெயரை யார் கேட்டு வைத்துக்கொள்கிறோம்? 1966இல் பீட்டில்ஸ் 'ரிவால்வர்' ஆல்பத்தில் ஒரு பாட்டு முழுக்க ஊதுகருவிகளை முழங்கவிட்டார்கள். அதைக் கேட்டபோதுதான் பராஸெய்டருக்குப் பொறி தட்டியது. ஆனால் பீட்டில்ஸும் வாடகைக்குத்தான் ஆள் பிடித்தார்கள். பராஸெய்டரின் குழுவில் ஊதுகிறவர் பங்காளி. எல்லா வித்தியாசமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்போது குழுவுக்குப் பெயர் 'தி பிக் திங்'. ஒரே மாதிரி சூட் போட்டுக்கொண்டு, கிளப்புகளில் ராத்திரி முழுக்க அடுத்தவர்களின் ஹிட் பாட்டுகளை வாசித்தார்கள். சொந்தப் பாட்டை நுழைத்தால் கிளப் முதலாளிகளுக்குப் பிடிக்காது. ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த பாட்டு வேண்டுமே. இந்தக் கூலி வாசிப்பை நான் குறைவாகப் பேசமாட்டேன். ராத்திரிக்குப் பல சுற்று, வாரத்தில் பல நாள் ஊதினால்தான் மூன்று பேர் மூச்சு ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் விடப் பழகும். நாதஸ்வரத்தில் ஜோடி வாசிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: விரல் சேர்வது சுலபம், மூச்சுச் சேர்வதுதான் பாடு.

1968இல் ஜேம்ஸ் வில்லியம் கெர்சியோ என்ற தயாரிப்பாளர் இவர்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அழைத்துப் போனார். ஹாலிவுட் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன வீடு. விஸ்கி அ கோ கோ என்ற புகழ்பெற்ற கிளப்பில் மேடை. அங்கே ஒரு ராத்திரி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்து கேட்டுவிட்டு, ஊதுகிற மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நுரையீரல்தான் போல என்றும், உங்கள் கிட்டார்காரர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்றும் சொன்னதாகப் பராஸெய்டர் பல தடவை சொல்லி மகிழ்ந்திருக்கிறார். ஹெண்ட்ரிக்ஸ் சொன்ன வார்த்தை அப்படியே இதுதானா என்று நான் சண்டைக்கு நிற்கமாட்டேன். குழுவைத் தன் கச்சேரிகளுக்கு முன்வாசிப்பாக அவர் கூட்டிப் போனார் என்பது போதும்.

முதல் ஆல்பம் 1969 ஏப்ரலில் வந்தது. குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் ஒன்றுதான்: 'சிகாகோ டிரான்ஸிட் அதாரிட்டி'. அது சிகாகோ நகரத்தில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற அமைப்பின் பெயர். அசல் அமைப்பு வழக்குப் போடுவதாக மிரட்டவே, வாலை வெட்டிவிட்டு வெறும் 'சிகாகோ' ஆனார்கள். அறிமுகமே ஆகாத குழு இரட்டை இசைத்தட்டோடு வந்தது. இசைத்தட்டுக் கம்பெனி மூக்கைச் சுளித்தது. கிடைக்கவேண்டிய ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அதைச் சாதித்தார்கள். நல்ல காரியம் செய்தார்கள் என்பேன். ஒற்றைத் தட்டில் அடக்கியிருந்தால் முதலில் கத்தரி விழுந்திருப்பது ஊதல் பகுதிகள் மேல்தான். பட்டியலில் அந்த ஆல்பம் 17ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. 171 வாரம் பட்டியலிலேயே உட்கார்ந்திருந்தது.

'சிகாகோ டிரான்ஸிட் அதாரிட்டி'யில் மூன்று குழல்கள் என்ன செய்தன என்பதைக் காதால் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் சொல்லிப்பார்க்கிறேன். மேலே டிரம்பெட், நடுவில் டெனார் சாக்ஸ், அடியில் டிரோம்போன். மூன்று பேர் என்றால் ஒரு நேரத்தில் மூன்று ஸ்வரம்தான். பெரிய ஜாஸ் குழுவில் பதின்மூன்று பேர் ஊதுவார்கள், எந்தக் கார்டையும் நிரப்பிவிடலாம். மூன்று பேரை வைத்து அந்தப் பருமனைக் கொண்டுவர, ஸ்டூடியோவில் ஒரே பகுதியை மறுபடி ஊதி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அதைவிட முக்கியம் பாங்கோ எழுதிய முறை. பாடகர் ஒரு அடி பாடி மூச்சு விடுகிற சந்தில் 'பாப்' என்று ஒரு குத்து வைத்துவிட்டு ஒதுங்குவதுதான் அதுவரை பழக்கம். பாங்கோ ஊதல்களை இன்னொரு பாடகர் மாதிரி எழுதினார். குரல் ஒரு வழி போனால் குழல் வேறு வழியில் போய் முன்னால் காத்து நிற்கும். குழலை மட்டும் தனியே முணுமுணுத்தாலும் ஒரு பாட்டாக இருக்கும்.

1970இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் '25 ஆர் 6 டு 4' என்றொரு பாட்டு. விடிகாலை நாலு மணிக்கு இன்னும் 25 நிமிஷமோ 26 நிமிஷமோ இருக்கிறது, பாட்டு வரமாட்டேன் என்கிறது என்று லாம் தவித்ததுதான் பொருள். தலைப்பைப் பார்த்துப் போதை மருந்துக் கணக்கு என்று கதை கட்டினவர்கள் உண்டு. பாட்டின் முதுகெலும்பு இறங்கிவருகிற ஐந்து ஸ்வரம். நம் கணக்கில் மேல் ஸட்ஜத்தில் ஆரம்பித்து, கைசிகி நிஷாதம், பிறகு சதுஸ்ருதி தைவதம், அதை ஒட்டியே சுத்த தைவதம், கடைசியில் பஞ்சமம். இரண்டு தைவதத்தையும் அடுத்தடுத்து வைக்கிற இடத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது பாருங்கள், படிக்கட்டில் ஒரு படி பாதி உயரமாக இருந்தால் கால் தடுமாறுமே, அது. முதலில் கிட்டாரும் பேஸும் மட்டும் அந்தப் படிகளில் இறங்குகின்றன. டிரம்ஸ் சேர்கிறது. பிறகு மூன்று குழல்களும் மேலே வந்து இறங்குகின்றன. நடுவில் டெர்ரி காத்தின் கிட்டார் தனியாவர்த்தனம். வா-வா பெடலை மிதித்துக்கொண்டு அவர் அழுவதும் உறுமுவதுமாகப் போக, குழல்கள் கீழே தூண் மாதிரி நிற்கின்றன. ராகம் பாடுகிறவருக்குப் பின்னால் சுருதி நிற்பது போல. இந்தப் பாட்டு அமெரிக்காவில் நாலாம் இடம் வரை போயிற்று. பாடினவர் செட்டெரா. முந்தின வருஷம் டாட்ஜர் மைதானத்தில் பேஸ்பால் பார்க்கப் போனபோது, நீளமுடி பிடிக்காத சில மரீன் படை வீரர்கள் அவர் தாடையை உடைத்திருந்தார்கள். கம்பி கட்டிய வாயோடு பாடிப் பழகியதால்தான் தன் உச்சரிப்பு அப்படிப் பல்லைக் கடித்த மாதிரி ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதே ஆல்பத்தில் பாங்கோ எழுதிய ஒரு தொகுப்பு இருக்கிறது, ஏழு பகுதி, பதின்மூன்று நிமிஷம் போல. மேற்கு வர்ஜீனியாவின் பக்ஹன்னன் ஊர்க்காரியான தன் பழைய காதலிக்காக எழுதியது. ஊர்ப் பெயரை அட்டையில் தப்பாக அச்சடித்தார்கள். அதன் தலைப் பகுதியையும் வால் பகுதியையும் ஒட்டித்தான் 'மேக் மீ ஸ்மைல்' என்ற சிங்கிளைத் தயாரித்தார்கள். அது ஒன்பதாம் இடம். வெட்டி ஒட்டுகிற பழக்கத்துக்கு அப்போதே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

இவர்கள் மட்டும் இல்லை. நியூயார்க்கில் 1967இல் அல் கூப்பர் தொடங்கிய பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் இன்னும் தேர்ந்த ஜாஸ் கைகளைக் கொண்ட குழு. அவர்களது இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தவரும் இதே கெர்சியோதான். 1970இல் பீட்டில்ஸின் 'அபி ரோடு' போட்டியில் இருந்தும் அந்த ஆல்பம்தான் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அதே வருஷம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் செலவில் யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று சுற்றுப்பயணம் போனார்கள். வியட்நாம் போர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அரசாங்கப் பயணமா என்று இளைஞர் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதோடு அவர்கள் உச்சம் போயிற்று. ஐட்ஸ் ஆஃப் மார்ச், சேஸ், டவர் ஆஃப் பவர் என்று இன்னும் பல குழல் குழுக்கள் கிளம்பின. இரண்டு மூன்று வருஷம் அமெரிக்கா முழுக்க வெண்கலச் சத்தமாக இருந்தது.

சிகாகோ 1971 ஏப்ரலில் கார்னெகி ஹாலில் ஒரு வாரம் வாசித்தது. நாலு இசைத்தட்டுப் பெட்டியாக அதை வெளியிட்டார்கள். பாங்கோவுக்கு அந்தப் பதிவு சுத்தமாகப் பிடிக்கவில்லை. தங்கள் குழல்கள் திருவிழாக் கடைப் பீப்பி மாதிரிக் கேட்கின்றன என்கிற அர்த்தத்தில் பிற்பாடு திட்டியிருக்கிறார். நானும் கேட்டேன், திட்டு நியாயம்தான். ஆனால் 1972இன் ஐந்தாவது ஆல்பத்தில் தொடங்கி வரிசையாக ஐந்து ஆல்பம் முதலிடம். எல்லா அட்டையிலும் ஒரே சுழி எழுத்துச் சின்னம், ஆல்பத்தின் பெயரில் ஒரு ரோமன் எண், அவ்வளவே. ஒருவர் முகமும் அட்டையில் பெரிதாக வராது. லட்சக்கணக்கில் தட்டு விற்ற குழுவின் பாடகர் தெருவில் நடந்தால் அடையாளம் தெரியாது. பாடகரும் டிரோம்போன்காரரும் ஒரே உயரத்தில் நின்றதற்கு இந்த முகமின்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் பதிவெல்லாம் கொலராடோ மலையில், கெர்சியோவின் கேரிபூ ராஞ்ச் ஸ்டூடியோவில். கடல் மட்டத்திலிருந்து 8000 அடிக்கு மேல். ஊதிப் பிழைக்கிறவர்களை அந்த மெல்லிய காற்றுக்குக் கூட்டிப்போகலாமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அங்கே தயாரான பத்தாவது ஆல்பத்தில்தான், 1976இல், 'இஃப் யூ லீவ் மீ நவ்' வந்தது. அவர்களுடைய முதல் முதலிடப் பாட்டு. கிராமியும் வாங்கியது. இனிமையான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் தொடக்கத்தில் ஊதுவது ஃபிரெஞ்சு ஹார்ன். குழுவின் மூவரில் ஒருவரும் வாசிக்கிற கருவி இல்லை அது. வீட்டில் மூன்று சமையல்காரர்களை வைத்துக்கொண்டு விருந்துக்கு வெளியே ஆர்டர் கொடுத்த மாதிரி.

அடுத்த வருஷம் கெர்சியோவோடு பிரிவு. 1978 ஜனவரி 23 அன்று டெர்ரி காத் இறந்தார். குண்டு இல்லை என்று நினைத்து விளையாட்டாகத் துப்பாக்கியைத் தலையில் வைத்து அழுத்தினார். 32 வயது நிறைய எட்டு நாள் இருந்தது. குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். கலைக்கவில்லை. ஆனால் குழல்களுக்குச் சமமாக மல்லுக்கட்டிய கிட்டார் போய்விட்டது. அந்தச் சண்டை இல்லாமல் குழல்களுக்கும் வேலை குறைந்தது என்பது என் கணிப்பு.

எண்பதுகளில், அதுவரை அவர்கள் தட்டுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா கம்பெனி கைவிட்டது. டேவிட் ஃபாஸ்டர் என்ற கனடாக்காரர் தயாரிப்பாளராக வந்து குழுவைத் தூக்கி நிறுத்தினார். நான் கடையில் பதிந்த பாட்டு அவர் கைவண்ணம்தான், 1982இல் முதலிடம். 1984இன் 'சிகாகோ 17' அவர்கள் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. எம்டிவி வந்துவிட்ட காலம். வீடியோவுக்கு ஒரு முகம் வேண்டும், பாடுகிற வாய் வேண்டும். ஊதுகிறவன் வாயில் பித்தளை இருக்கிறது, கேமரா அங்கே என்ன பார்க்கும்? செட்டெரா முன்னால் வந்தார், மற்றவர்கள் பின்னால் போனார்கள். அதைவிடக் கொடுமை, அந்த வருஷங்களில் சிந்தஸைஸரில் ஒரு பட்டனை அழுத்தினால் 'பிராஸ்' வரும். ஊரெல்லாம் அந்தப் போலி வெண்கலச் சத்தம். உண்மையான வெண்கலத்தோடு பிறந்த குழு அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 1985இல் செட்டெரா தனியே போனார். 1988இல் 'லுக் அவே' முதலிடம் பிடித்தது. வெளியாள் டயான் வாரன் எழுதியது. அதில் குழல் சத்தத்தைத் தேடினால் கிடைக்காது.

1993இல் பழைய பாணியில், குழல்களை முன்னால் நிறுத்தி ஒரு ஆல்பம் செய்தார்கள். அப்போதைய கம்பெனி வெளியிட மறுத்துவிட்டது. ஆல்பத்தின் பெயர் 'ஸ்டோன் ஆஃப் சிசிஃபஸ்'. பாறையை மலைமேல் உருட்டிக்கொண்டே இருக்கச் சபிக்கப்பட்ட கிரேக்கக் கதைக்காரன் பெயரை வைத்தால் வேறென்ன நடக்கும்? 2008இல்தான் அது கடைக்கு வந்தது.

இன்றைக்கு வருவோம். 2016இல், தகுதி பெற்று இருபத்திரண்டு வருஷம் கழித்து, ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்துக்கொண்டது. செட்டெரா வரவில்லை. 2018இல் அந்த இரண்டாவது ஆல்பத்தை முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை மேடையில் அப்படியே வாசித்துச் சுற்றுப்பயணம் போனார்கள். பக்ஹன்னன் தொகுப்பு பதின்மூன்று நிமிஷமும் வெட்டாமல். உட்கார்ந்து உருகிக் கேட்டவர்கள் எழுந்து நின்றது அந்தப் பாட்டுகளுக்குத்தான் என்பதைப் பதிவுகளில் பார்க்கலாம். பராஸெய்டர் உடல்நிலை காரணமாக மேடையை விட்டுவிட்டார். அவர் இடத்தில் ரே ஹெர்மன். 2022இல் 38ஆம் எண் ஆல்பமும் வந்தது. 1967 முதல் ஒரு குழு மேடையை விடாமல் வந்திருப்பது லேசான காரியமில்லை.

மாஸ்கோவில் லியோனித் வொரோபியேவ் என்பவர் சிகாகோவின் பழைய குழல் பகுதிகளைக் காதால் கேட்டே ஒவ்வொரு ஸ்வரமாக எழுதியெடுத்து, நண்பர்களைச் சேர்த்து வாசித்து இணையத்தில் போட்டார். 'லியோனித் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' என்று அது தனிக் குழுவாகி, அமெரிக்காவுக்கே போய் டிக்கெட் விற்று வாசிக்கிறது. அவர்கள் வீடியோ ஒன்றில் மூன்று ஊதல்காரர்களும் ஒரு வரியை முடித்துவிட்டு ஒரே நேரத்தில் தோள் இறங்கி மூச்சு விடுவதைப் பார்த்தேன். பிறகு அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எடுத்துக்கொள்வதில் பெரும்பகுதி எழுபதுகளின் பாட்டுகள். வாலிலிருந்து ஆரம்பித்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி அணிவகுப்புப் பேண்டுகள் ஃபுட்பால் மைதானங்களில் '25 ஆர் 6 டு 4' வாசிப்பது இப்போது வழக்கம். வாசிக்கிற பிள்ளைகள் பலருக்கு அந்தக் குழுவின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. புல்தரையில் மின்சாரம் இல்லை, ஆம்பிளிஃபயர் இல்லை, அதனால் கிட்டாரும் இல்லை. டெர்ரி காத் முதலில் தனியாக வாசித்த அந்த ஐந்து ஸ்வரத்தை சூசபோன் என்கிற, உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய குழல்கள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு தைவதமும் உருண்டு இறங்கும்போது மற்ற வரிசைகள் கருவியை உயர்த்திக்கொள்கின்றன. டிரோம்போன் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள். இழுக்கிற கம்பி முன்னால் நிற்பவர் தலையில் இடிக்கக் கூடாதே.